கதவைச் சாத்தாதிருங்கள்: லினக்ஸும் கணினி விளையாட்டுகளும்



கணினி விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் லினக்ஸ் பயன்படுத்துவோரையும் மனத்தில் வைத்துத் தொழில் செய்ய வேண்டுமா என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். வேண்டும் என்பதுதான் என் பதில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்த வகையில், எந்த அளவுக்கு என்று வரும்போது லினக்ஸ் ஆர்வலர்கள் பலரோடு நான் மாறுபடுகிறேன். நெடுங்காலமாக அவர்கள் கேட்டுவந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு விளையாட்டுக்கும் லினக்ஸுக்கென்றே ஒரு தனிப் பதிப்பு. அந்தக் கோரிக்கையை இன்றும் அப்படியே தூக்கிப் பிடிப்பது விளையாடுகிறவர்களுக்கே நல்லதில்லை என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லப் பழைய கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

டூம் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெக்சாஸின் இட் சாஃப்ட்வேர் அதை 1993 டிசம்பரில் டாஸ் கணினிகளுக்காக வெளியிட்டது. அடுத்த ஆண்டே அங்கு வேலை பார்த்த டேவ் டெய்லர் அதை லினக்ஸில் ஓட வைத்தார். லினக்ஸின் மையக்கருவான கர்னல் 1.0 வெளிவந்ததே அந்த ஆண்டில்தான். அப்போது லினக்ஸ் வைத்திருந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்களும் ஆய்வுக்கூடத்துக்காரர்களும். அந்த வேலையால் நிறுவனத்துக்குப் பெரிய வருமானம் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

1997 டிசம்பரில் இட் சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் டூமின் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டார். அப்போது ஒரு சிக்கல் வந்தது. டாஸ் பதிப்பில் ஒலிக்கான பகுதி வேறொருவரிடம் உரிமம் பெற்றுச் சேர்த்தது. அதை வெளியிட இவர்களுக்கு உரிமை இல்லை. லினக்ஸ் பதிப்பில் அந்த வில்லங்கம் இல்லை. ஆகவே வெளியே வந்தது லினக்ஸ் பதிப்பின் நிரல். 1999இல் அதே நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் கீழும் வந்தது. இன்று கால்குலேட்டரில் டூம் ஓடுகிறது, பிரிண்டரின் சின்னத் திரையில் ஓடுகிறது என்று இளைஞர்கள் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்த முயற்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் அந்த நிரல்தான். காசு வராது என்று தெரிந்தே ஒருவர் செய்த வேலை, அந்த விளையாட்டுக்கு முப்பது ஆண்டு ஆயுளைக் கொடுத்திருக்கிறது. விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம்.

ஆனால் விற்பனைக் கணக்கு பொய் என்று சொல்ல வரவில்லை. அது எவ்வளவு கடுமையானது என்பதற்கு லோக்கி சாஃப்ட்வேரின் கதை போதும்.

1998இல் ஸ்காட் டிரேக்கர் என்ற வழக்கறிஞர் கலிபோர்னியாவில் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். விண்டோஸில் பெயர் பெற்ற விளையாட்டுகளுக்கு உரிமம் வாங்கி, லினக்ஸுக்கு மாற்றி, பெட்டியில் அடைத்துக் கடையில் விற்பதுதான் திட்டம். சிவிலைசேஷன்: கால் டு பவர், ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, சிம்சிட்டி 3000, ரெயில்ரோட் டைகூன் 2, க்வேக் 3 அரீனா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். வேலையில் குறை இல்லை. ஆனால் விண்டோஸ் பதிப்பு வெளிவந்து பல மாதம் கழித்துத்தான் லினக்ஸ் பெட்டி கடைக்கு வரும். லினக்ஸ் வைத்திருந்தவர்களில் மிகப் பலர் அதே கணினியில் விண்டோஸையும் வைத்திருந்தவர்கள். ஆசைப்பட்ட விளையாட்டை அவர்கள் முன்பே வாங்கி, விளையாடி, முடித்திருப்பார்கள். 2001 ஆகஸ்டில் லோக்கி திவால் பாதுகாப்பு கோரியது; 2002 ஜனவரியில் மூடப்பட்டது.

போன நிறுவனம் வெறுங்கையாகப் போகவில்லை. அங்கே தலைமை நிரலராக இருந்த சாம் லான்டிங்கா எஸ்டிஎல் என்ற லைப்ரரியை வளர்த்தெடுத்தார். திரையில் சாளரம் திறப்பது, விசைப்பலகையையும் ஜாய்ஸ்டிக்கையும் கவனிப்பது, ஒலியை அனுப்புவது ஆகிய அடிப்படை வேலைகளை எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி செய்து தரும் நிரல் தொகுப்பு அது. ஓப்பன்ஏஎல் என்ற ஒலி லைப்ரரிக்கும் லோக்கியின் கை பட்டது. லினக்ஸ் முகத்தையே பார்க்காத ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இன்று விண்டோஸிலும் மேக்கிலும் கைப்பேசியிலும் எஸ்டிஎல் மேல் நிற்கின்றன. லினக்ஸ்காரர்களுக்காகச் செய்த வேலையின் பலனை இந்தத் தொழில் முழுவதும் அனுபவித்து வருகிறது. லினக்ஸால் எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்கும் நிறுவனங்களிடம் இதை நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கடைதான் கணினி விளையாட்டுகளுக்கு உலகச் சந்தை. அது மாதந்தோறும் தன் பயனர்களின் கணினிகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு வெளியிடுகிறது. அதில் லினக்ஸின் பங்கு பல ஆண்டுகள் ஒரு விழுக்காட்டை ஒட்டியே கிடந்தது. 2025 இறுதியில்தான் மூன்று விழுக்காட்டைத் தாண்டியது. நூறு பேரில் மூன்று பேர். ஆறு பேர் கொண்ட ஒரு சிறு ஸ்டூடியோவிடம் போய், மூன்று விழுக்காட்டினருக்காக இன்னொரு பதிப்பு செய், அதைச் சோதித்துப் பார், அதில் வரும் பிழைகளையெல்லாம் ஆண்டுக்கணக்கில் திருத்து என்று சொல்வது எளிதல்ல.

ஸ்டூடியோக்களின் முறையீடு இன்னும் கூர்மையானது. பிளானட்டரி அனைஹிலேஷன் என்ற விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் 2019இல் தன் அனுபவத்தைச் சொன்னார்: விற்பனையில் லினக்ஸின் பங்கு மிக மிகச் சொற்பம், ஆனால் வந்து குவிந்த பழுது அறிக்கைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் லினக்ஸிலிருந்து வந்தவை, அவற்றில் பெரும்பாலானவை கிராபிக்ஸ் டிரைவர் கோளாறுகள். தன் நிரலில் இல்லாத பழுதுக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய நிலை ஒரு டெவலப்பருக்கு எவ்வளவு வெறுப்பைத் தரும் என்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் இதே பழுது அறிக்கை விஷயத்தில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. போலந்தில் ஒரு சின்னஞ்சிறு ஸ்டூடியோ டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விண்வெளி விளையாட்டைச் செய்தது. 2021இல் அதன் டெவலப்பர் தன் கணக்குப் புத்தகத்தையே திறந்து காட்டினார். விற்றது ஏறத்தாழ 12,000 பிரதி. அதில் லினக்ஸ்காரர்கள் வாங்கியது சுமார் 700, அதாவது 5.8 விழுக்காடு. வந்த பிழை அறிக்கைகளில் அவர்களுடைய பங்கோ 38 விழுக்காடு. இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் முன்னவர் சொன்னதற்கு இதுவும் ஒத்தூதுவதுபோல் இருக்கும். அவர் நிறுத்தவில்லை. லினக்ஸ்காரர்கள் அனுப்பிய ஏறத்தாழ 400 அறிக்கைகளில் லினக்ஸில் மட்டும் தலைகாட்டிய பிழைகள் மூன்றே மூன்று. மற்றவை எல்லாம் விண்டோஸிலும் இருந்த பிழைகள். விண்டோஸ்காரர்கள் அவற்றைக் கண்டு, சலித்து, வாய் திறக்காமல் போயிருக்கிறார்கள். லினக்ஸ்காரர்கள் பதிவேடுகளை இணைத்து, எந்தப் படியில் பிழை வருகிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் உலகில் வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம். சம்பளம் இல்லாமல் கிடைத்த சோதனைக் குழு அது என்பதை அந்த டெவலப்பர் மனம் நிறைந்து சொன்னார்.

இரண்டு சாட்சிகளும் உண்மை. ஒருவர் கிராபிக்ஸை உச்சத்துக்குக் கொண்டுபோகும் பெரிய வியூக விளையாட்டைச் சொந்த எஞ்சினில் செய்த குழுவைச் சேர்ந்தவர். இன்னொருவர் கோடோ என்ற கட்டற்ற எஞ்சினில் செய்தவர். அந்த எஞ்சின் லினக்ஸுக்கான பாரத்தில் பெரும்பங்கைத் தானே சுமந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே கிராபிக்ஸ் டிரைவர்களும் வெகுவாக முன்னேறிவிட்டன. ஏஎம்டி கார்டுகளில் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்துக்கான கட்டற்ற டிரைவர் 2016இல் தொடங்கி இன்று முதல்தரமாக நிற்கிறது. பழைய கசப்பை வைத்து இன்றைய முடிவை எடுப்பது சரியல்ல.

வால்வ் நிறுவனம் இதில் எப்படி வந்தது? அதன் தலைவர் கேப் நியூவெல் மைக்ரோசாஃப்டில் பதின்மூன்று ஆண்டு இருந்தவர். விண்டோஸை உள்ளிருந்து கட்டியவர்களில் ஒருவர். 2012 ஜூலையில் சியாட்டிலில் நடந்த ஒரு மாநாட்டில், விண்டோஸ் 8 கணினி உலகம் முழுமைக்குமே பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒரு கடையைத் திறந்திருந்தது. இயங்குதளத்தின் சொந்தக்காரனே கடைக்காரனும் ஆகிவிட்டால் மற்றக் கடைகளின் கதி என்ன என்பதுதான் அவருடைய அச்சம். தன் வணிகத்தைக் காக்கத்தான் அவர் லினக்ஸ் பக்கம் திரும்பினார். அதை மறைக்கவும் இல்லை. 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே லெஃப்ட் 4 டெட் 2 விளையாட்டை லினக்ஸில் நொடிக்கு 315 காட்சி ஓட வைத்ததாகவும், அதே கணினியில் விண்டோஸ் 7 கொடுத்தது 270 சொச்சம்தான் என்றும் வால்வின் பொறியாளர்கள் எழுதியிருந்தார்கள். முறையாகச் செய்தால் லினக்ஸ் பின்தங்கியது அல்ல என்று எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

அப்படியும் முதல் முயற்சி தோற்றது. 2015 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் பல நிறுவனங்கள் லினக்ஸ் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அவற்றில் ஓடக்கூடிய விளையாட்டுகள் தனிப் பதிப்பு செய்யப்பட்டவை மட்டுமே. பெரிய பெயர்கள் பல வரவில்லை. வாங்க ஆள் இல்லை.

தனிப் பதிப்புகளிலேயே ஒரு நோய் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். லினக்ஸ் ஆர்வலர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். லினக்ஸ் கர்னல் பழைய நிரல்களை உடைப்பதில்லை. அதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர். ஆனால் விளையாட்டு கர்னலோடு மட்டும் பேசுவதில்லை. அதற்கு மேலே ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி இருக்கிறது, ஒலிக்கு ஓர் அடுக்கு, திரைக்கு ஓர் அடுக்கு, உபுண்டு போன்ற ஒவ்வொரு வழங்கலுக்கும் ஒவ்வொரு பழக்கம். இந்த அடுக்குகள் நகர்ந்துகொண்டே இருப்பவை. மூலநிரல் கையில் இருக்கும் மென்பொருளுக்கு அது பொருட்டே இல்லை, திரும்பத் தொகுத்துக்கொள்ளலாம். ஒருமுறை தொகுத்து விற்றுவிட்ட விளையாட்டை யார் திரும்பத் தொகுப்பார்கள்? அந்த ஸ்டூடியோவே இன்று இல்லாமல் இருக்கலாம்.

2022இல் நடந்ததைப் பாருங்கள். ஜிலிப்சி 2.36 வெளிவந்தபோது, தேவையற்றது என்று கருதி ஒரு பழைய அட்டவணையை வழக்கமான தொகுப்பிலிருந்து நீக்கினார்கள். ஈஸி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அந்த அட்டவணையை நம்பி இருந்தது. புதிய ஜிலிப்சியை ஏற்றிய கணினிகளில் பல விளையாட்டுகள் ஒரே நாளில் நின்றன. 2019இல் உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் 32-பிட் லைப்ரரிகளை இனி தரப்போவதில்லை என்று அறிவித்தது. ஸ்டீமில் இருக்கும் பழைய விளையாட்டுகளுக்கு அவை உயிர்நாடி. அப்படியானால் அந்த உபுண்டுவை நாங்கள் ஆதரிக்க மாட்டோம் என்று வால்வ் சொன்ன பிறகுதான் கனோனிக்கல் பின்வாங்கியது. இந்த இரண்டிலும் தவறு விளையாட்டு செய்தவர்களுடையது அல்ல. தனிப் பதிப்பு கேட்டு வாங்கியவர்கள், அந்தப் பதிப்பு உயிரோடு இருப்பதற்கான தரையைத் தரவில்லை. வால்வ்தான் விளையாட்டுகளுக்கென்று மாறாத லைப்ரரித் தொகுப்பு ஒன்றை ஸ்டீமுக்குள்ளேயே வைத்து இதற்கு ஒரு வழி கண்டது.

மாற்று வழி ஒன்று அதுவரை ஓரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அதுதான் வைன். விண்டோஸ் நிரல் கேட்கும் அழைப்புகளுக்கு லினக்ஸில் பதில் சொல்லும் மென்பொருள். 1993இல் தொடங்கியது, அடுத்த ஆண்டு முதல் அலெக்சாண்டர் ஜூலியார் அதை வழிநடத்துகிறார். 1.0 என்ற எண்ணைத் தொட அதற்குப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. எந்தப் பெரிய பணமும் புகழும் இல்லாமல், மைக்ரோசாஃப்ட் எழுதிவைக்காத விண்டோஸின் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எழுதிய அந்தப் பொறுமையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

2013இல் கார்மாக் ஒரு கருத்துச் சொன்னார். ஒவ்வொரு நிறுவனத்தையும் தனிப் பதிப்புக்காக நச்சரிப்பதைவிட வைனை மேம்படுத்துவது நல்ல வழியாகத் தோன்றுகிறது என்றார். லினக்ஸ் பதிப்புகளை வெளியிட்டு, அவை விற்காததையும் பார்த்த அதே மனிதர். அப்போது லினக்ஸ் வட்டாரத்தில் பலருக்கு அது கசந்தது. ஐந்தாறு ஆண்டுக்குள் அவர் சொன்னதே நடந்தது. பிலிப் ரெபோல் என்ற இளைஞர், நியர்: ஆட்டோமேட்டா விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில், டைரக்ட்எக்ஸ் 11 கிராபிக்ஸ் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை எழுதினார். வால்வ் அவரை ஊதியம் கொடுத்து அந்த வேலையிலேயே அமர்த்தியது. வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று வெளியிட்டது. தொடக்கத்தில் வால்வ் உறுதி கொடுத்தது 27 விளையாட்டுகளுக்கு. இன்று ஸ்டீமின் தனிநபர் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸில் பொத்தானை அழுத்தினால் ஓடுகின்றன.

2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி வந்தது. உள்ளே இருப்பது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். அதை வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்குத் தாங்கள் லினக்ஸ் பயன்படுத்துகிறோம் என்பதே தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அதே மாதம் எல்டன் ரிங் வெளிவந்தபோது விண்டோஸில் திணறல் இருந்தது. புரோட்டான் குழு தங்கள் அடுக்கிலேயே ஒரு திருத்தம் செய்து, ஸ்டீம் டெக்கில் அது விண்டோஸைவிடச் சீராக ஓடும்படி செய்தது. விளையாட்டை எழுதிய ஃபிரம்சாஃப்ட்வேர் லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பு எதுவும் செய்யவில்லை. விளையாட்டுகளின் தேவைக்காகக் கர்னலிலேயே மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன: ஒரே நேரத்தில் பல நிகழ்வுகளுக்குக் காத்திருக்கும் வசதி 5.16 பதிப்பில், விண்டோஸ் பாணி ஒத்திசைவுக்கான தனி டிரைவர் 6.14இல்.

இப்போது ஒரு மறுப்பு எழும். விண்டோஸ் பதிப்பையே லினக்ஸில் ஓட்டினால் விண்டோஸின் ஆதிக்கம் நிலைத்துவிடுமே, மைக்ரோசாஃப்ட் நாளை தன் வழிகளை மாற்றினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். மதிக்க வேண்டிய மறுப்புதான். ஆனால் ஏற்கெனவே விற்றுவிட்ட விளையாட்டுகளின் நிரலை மைக்ரோசாஃப்டால் மாற்ற முடியாது. அவற்றை உடைக்கும்படி விண்டோஸை மாற்றினால் அதன் சொந்த வாடிக்கையாளர்களே எழுந்து நிற்பார்கள். விண்டோஸ் நிரல்களின் பழைய ஒப்பந்தம்தான் இன்று லினக்ஸில் மிக உறுதியாக நிற்கும் ஒப்பந்தமாக இருக்கிறது. பெருமைப்படக்கூடிய நிலைமை அல்ல. ஆனால் விளையாடுகிறவனுக்கு நாளைக்கும் விளையாட்டு ஓட வேண்டும். தனிப் பதிப்பு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் லாரியன் ஸ்டூடியோ பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டுக்கு ஸ்டீம் டெக்கில் நேராக ஓடும் பதிப்பைத் தந்தது. அந்தச் சிறு கருவியின் நினைவகத்தையும் செயலியையும் மிச்சப்படுத்த அது தேவைப்பட்டது. அதைக் காக்கும் ஆள்பலமும் அவர்களிடம் இருக்கிறது. தேவையும் ஆளும் சேர்ந்திருந்தால் தாராளமாகச் செய்யட்டும்.

ஆகவே நிறுவனங்களிடம் நான் கேட்பது சிறியது. தனிப் பதிப்பு செய்யாவிட்டாலும் போகட்டும், வருகிறவனைத் தடுக்காதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இன்று லினக்ஸில் ஓடாத பெரிய விளையாட்டுகளில் மிகப் பல தொழில்நுட்பம் இல்லாததால் ஓடாதவை அல்ல, வேண்டுமென்றே நிறுத்தப்பட்டவை.

பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டுகளில் ஏமாற்றுகிறவர்கள் பெரிய தொல்லை. சுவருக்கு அப்பால் பார்ப்பது, குறி தவறாமல் சுடுவது என்று நிரல்களை விலைக்கு விற்கும் சந்தையே இருக்கிறது. நேர்மையாக ஆடுகிற பதின்மூன்று வயதுப் பையன் அதில் மனம் நொந்து போகிறான். நிறுவனங்கள் அதைத் தடுக்க முனைவதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021இலேயே புரோட்டானில் வேலை செய்ய வழி செய்துவிட்டன. விளையாட்டு நிறுவனம் அனுமதித்தால் போதும். எல்டன் ரிங் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் அதன் நிறுவனமான ராக்ஸ்டார் பேட்டில்ஐயைச் சேர்த்தது; புரோட்டானுக்கு அனுமதி தரவில்லை. அதுவரை ஸ்டீம் டெக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்களால் மறுநாள் உள்ளே போக முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸ் முழுவதையும் அடைத்தது. 2022 முதல் ஸ்டீம் டெக்கில் வரவேற்று, உடைகளும் ஆயுத அலங்காரங்களும் விற்றுக் காசு வாங்கிய அதே விளையாட்டு.

அவர்கள் சொல்லும் காரணம் வெறும் சாக்கு அல்ல. லினக்ஸில் கர்னலையே பயனர் மாற்றிக்கொள்ளலாம். ஏமாற்றுகிறவன் கர்னலுக்குள் ஒளிந்துகொண்டால் மேலிருந்து பார்க்கும் காவலனுக்குத் தெரியாது. அதனால்தான் ரயட் நிறுவனம் விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே உட்காரும் வேன்கார்டு என்ற காவலனை வைத்திருக்கிறது. 2024 மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் அது வந்தது. அதுவரை வைனில் ஆடியவர்கள் அன்றோடு நின்றார்கள்.

ஆனால் ஒரு விளையாட்டுக்காக என் கணினியின் கர்னலுக்குள் ஒரு நிறுவனத்தின் நிரலை நிரந்தரமாகக் குடியேற்றுவது சரியான தீர்வா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கர்னல் நிரலுக்கு வந்த ஒரு பிழையான கோப்பு, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை ஒரே நாளில் வீழ்த்தியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தவித்தன. அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்டே பாதுகாப்பு மென்பொருள்களைக் கர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வழிகளைத் தேடுகிறது. கர்னலுக்குள் உட்கார்ந்த காவலன் இருந்தும் விண்டோஸில் ஏமாற்று நின்றுவிடவில்லை; அடுத்த கணினியிலிருந்தும் தனி மின்னணு அட்டை வைத்தும் நினைவகத்தைப் படிக்கிறார்கள். ஒருவன் எப்படி ஆடுகிறான் என்பதைச் சர்வரில் கவனிப்பதும், அவன் கண்ணுக்குத் தெரியக் கூடாத தகவலை அவன் கணினிக்கே அனுப்பாமல் இருப்பதும் எந்த இயங்குதளத்திலும் செல்லும். அது செலவும் உழைப்பும் பிடிக்கும் வேலை. அந்த உழைப்பைத் தவிர்க்க ஒரு சமூகத்தையே வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. குறைந்தபட்சம், போட்டித் தரவரிசை இல்லாத ஆட்டங்களில், நண்பர்கள் தங்களுக்குள் ஆடும் அறைகளில், லினக்ஸ்காரர்களை விடலாமே. எல்லாவற்றையும் ஒரே பூட்டால் ஏன் பூட்ட வேண்டும்?

ராக்கெட் லீக் கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு லினக்ஸ் தனிப் பதிப்பு இருந்தது. மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். 2019இல் அதை உருவாக்கிய சயோனிக்ஸ் நிறுவனத்தை எபிக் என்ற பெரிய விளையாட்டு நிறுவனம் வாங்கியது. 2020 ஜனவரியில் மேக்குக்கும் லினக்ஸுக்கும் ஆதரவு முடிகிறது என்று அறிவித்தார்கள், மார்ச்சில் முடித்தார்கள். அந்த இரண்டிலும் சேர்த்து ஆடியவர்கள் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கணக்குக் காட்டினார்கள். கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் ஒருவன் விண்டோஸை விட்டு வரத் துணிந்தது அந்தப் பதிப்பை நம்பித்தான் என்றால் அந்த நம்பிக்கைக்கு யார் ஈடு செய்வது? காக்க முடியாத பதிப்பைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று நான் சொல்வதற்கு இந்தச் சம்பவமும் காரணம்.

இதே எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனி 2016இல் கார்டியன் நாளிதழில் எழுதியது என்ன தெரியுமா? கணினி விளையாட்டுகளை மைக்ரோசாஃப்ட் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்கிறது, அதை எதிர்க்க வேண்டும் என்று. அந்த எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். எபிக்கின் அன்ரியல் எஞ்சின் லினக்ஸில் ஓடுகிறது. 2020இல் லூட்ரிஸ் என்ற லினக்ஸ் விளையாட்டுக் கருவிக்கு அவர்கள் நன்கொடையும் கொடுத்தார்கள். தங்கள் ஃபோர்ட்நைட் விளையாட்டையும் லினக்ஸுக்குத் திறந்துவிட்டால் அவர் எழுதியதற்குச் செயலும் துணை நிற்கும். கோடிக்கணக்கான சிறுவர்கள் ஆடும் விளையாட்டு அது. ஒரு வீட்டில் எந்த இயங்குதளம் இருக்க வேண்டும் என்பதை இன்று பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளையின் ஒரே ஒரு விளையாட்டு முடிவு செய்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு போன்ற தேவைகள் இல்லாத, ஆனால் இன்னும் நன்றாக ஓடும் கணினிகள் ஏராளம். புதிது வாங்க வசதி இல்லாத வீட்டில் அந்தக் கணினிக்கு லினக்ஸ் போடுவது ஒரு நல்ல வழி. அங்கே இருக்கும் பிள்ளை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் அதில் ஓட வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. மூன்று விழுக்காடு என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே விளையாட்டு செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நேரடியாகச் சில சொல்கிறேன். கோடோ, யூனிட்டி, அன்ரியல் எதில் செய்தாலும் முதலில் விண்டோஸ் பதிப்பைச் செய்யுங்கள். வெளியிடுவதற்கு முன் ஒரு லினக்ஸ் கணினியில் புரோட்டான் வழியாகத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை ஆடிப் பாருங்கள். பெரும்பாலும் இடிப்பவை சின்ன விஷயங்கள். கதைக்கு நடுவே வரும் வீடியோ ஓடாது, ஏனென்றால் விண்டோஸுக்கே உரிய கோடெக்கில் போட்டிருப்பீர்கள். வெப்எம் போன்ற திறந்த வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. விளையாட்டுக்கு முன்னால் ஒரு தனி லாஞ்சர் வைத்திருந்தால் அது தகராறு செய்யும். உண்மையில் அது விண்டோஸ்காரருக்கும் வேண்டாத தொல்லைதான், எடுத்துவிடுங்கள். கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து எழுதாதீர்கள். பின்னால் தனிப் பதிப்பு செய்ய நேர்ந்தால் அங்கேதான் முதலில் இடறுவீர்கள். ஸ்டீம் டெக்கின் ஏழு அங்குலத் திரையில் உங்கள் எழுத்துகள் படிக்கும் அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பலர் ஆடும் விளையாட்டு செய்கிறீர்கள் என்றால், ஏமாற்றுத் தடுப்பை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்யுங்கள். எதிராளி எங்கே நிற்கிறான் என்பதை எப்போது அனுப்ப வேண்டும், யார் கணக்கை நம்ப வேண்டும் என்பதெல்லாம் சர்வரில் எழுதப்பட வேண்டியவை. வெளியிட்ட பிறகு ஒட்டவைக்க முடியாது. லினக்ஸ்காரர்களுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பேற்கிறீர்கள் என்பதை விற்பனைப் பக்கத்திலேயே ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். புரோட்டானில் சோதித்தோம், பிழை வந்தால் பார்ப்போம், தனிப் பதிப்பு இல்லை என்று நான்கு வரி போதும். அவர்கள் அனுப்பும் பிழை அறிக்கைகளை மற்றவற்றோடு ஒன்றாகவே படியுங்கள். லினக்ஸ் என்று ஒரு தனிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டால், விண்டோஸிலும் இருக்கும் பிழைகள் அதற்குள்ளேயே கிடந்துவிடும்.

என் பேச்சு இவ்வளவுதான். ஏமாற்றுத் தடுப்பைப் பற்றி நான் சொன்னதோடு உடன்படாதவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். முதல் கேள்வியை அவர்கள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.